நாலாயிரத்தில் ஒரு மேடு

“அம்மா, நீ துணி மிஷினோட டூ விட்டுட்டியா?”

மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. துவைத்து முடித்த மிஷின் மூலையில் நின்று கீச்சுக் கீச்சென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். அதே அறையில் கணினிமுன் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்தானே அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள்? குழந்தைக்கு அது நியாயமான சந்தேகமாகத்தான் பட்டது.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “வேலையில உக்காந்துட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காதுடி” என்றாள். மறுநாள் அலுவலகத்திலும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அதோடு அந்தக் கேள்வி மறந்துபோயிற்று. குழந்தைகளின் கேள்விகளில் பாதியை நாம் சிரித்தே செலவழித்துவிடுகிறோம்.

அவளுடைய வேலை பெரிய கூடங்களுக்கு ஒலியமைப்பு வடிவமைப்பது. மேடையில் ஒருவர் பேசினால் கடைசி வரிசைக்குச் சத்தம் போய்ச் சேருவது எளிது. சொல் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. கூடத்தின் நீள அகலம், கூரையின் உயரம், தரையில் டைல்ஸா கம்பளமா என்றெல்லாம் பார்த்து, எந்த ஸ்பீக்கர் எங்கே எந்தச் சாய்வில் தொங்க வேண்டும் என்று முடிவு செய்வாள். பிறகு மென்பொருளைத் திறந்து படம் போடுவாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்று இரைச்சலை வடிகட்டும். ஒன்று குரலில் கூடுதலாக இருப்பதைக் குறைத்துக் குறைவதைக் கூட்டும். இன்னொன்று பின்பக்கத்து ஸ்பீக்கரை ஒரு கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகக் காக்க வைக்கும், முன்னாலிருந்து வரும் குரலோடு அது சேர்ந்து ஒலிப்பதற்காக. கட்டங்களைக் கோடு போட்டு இணைத்து, அந்தப் படத்தைக் கூடத்தின் பின்னறையில் இருக்கும் புராசஸர் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால், பெட்டி அவள் சொன்னபடி கேட்கும். வீட்டில் ஒருத்தி அப்படிக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மகளைப் பார்த்து அடிக்கடி சொல்வாள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு வேலை உண்டு. அளக்கும் மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பதிவு செய்த ஒரு பேச்சை ஓடவிட்டு, வரிசை வரிசையாக நடந்து தன் காதால் கேட்டுச் சரிசெய்வாள். “மைக் அளக்கும். தீர்ப்பு சொல்றது காதுதான்” என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இளம் வயதில் திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு ஒலி கவனித்து, ஆள் உயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்று பழகிய காது அது.

மகளின் அந்தக் கேள்விக்கு ஏழு வருடம் கழித்து, அந்தக் காதுக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது. இதற்கு முன் அவள் முடித்துக் கொடுத்த கல்லூரி அரங்கிலிருந்து புகார் வந்தது. பேச்சு காதைக் குத்துகிறதாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை வலிக்கிறதாம். முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அடுத்தது அந்தப் பிரார்த்தனைக் கூடம். அதுவும் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா, டிசைனை மாப்பிள்ளைகிட்ட குடுத்துடறேன்மா. நீங்க ஆபீஸ்லயே உக்காந்து விலைப்புள்ளி போடுங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன், கவலைப்படாதீங்க.”

சம்பளம் குறையாது என்றது ஆறுதலுக்காகத்தான். ஆனால் அவளைத் தைத்தது அந்த வார்த்தைதான். கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு காசை மட்டும் கொடுப்பது, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது போல இருந்தது.

மாப்பிள்ளை என்பது முதலாளியின் மூத்த மகளின் கணவன். வெளிநாட்டில் இதே படிப்பைப் படித்துவிட்டு வந்து சமீபத்தில் சேர்ந்தவன். அதிகம் பேச மாட்டான். அலுவலகத்தில் எல்லோரும் அவனை ‘மாப்ள சார்’ என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். ஸ்பீக்கர் மாட்டுபவர், எப்போதும் ஏணியிலேயே குடியிருப்பதால் ‘ஏணி அண்ணன்’ என்று பெயர் வாங்கியவர், அவன் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

“வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா பாய் போடுவாங்க. ஆபீஸுக்கு மாப்பிள்ளை வந்தா நாற்காலி போடுவாங்க. யாரு நாற்காலிங்கிறதுதான் கேள்வி, டிசைனரம்மா.”

அவள் அன்றைக்குச் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

பிரார்த்தனைக் கூடம் கண்ணுக்கு அழகு, காதுக்குப் பகை. வழவழவென்ற தரை. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர். தலைக்கு மேலே கவிழ்த்து வைத்த கிண்ணம் போலக் கூரை. கைதட்டினால் சத்தம் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். கூடத்தை நடத்துபவர்கள் வெளியிலிருந்து ஒரு சோதனை அதிகாரியை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து அளந்து, உட்கார்ந்து கேட்டு, சரி என்றால்தான் திறப்பு விழா.

அவள் தினமும் காலையில் வந்ததும் பின்னறைக்குப் போய், பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பாள். அப்படித் திறந்த ஒரு காலையில்தான் அதைக் கவனித்தாள்.

குரலைக் கூட்டிக் குறைக்கும் கட்டத்தில் ஒரு வளைகோடு இருக்கும். இடது கோடியில் மேளத்தின் தொம்தொம். வலது பக்கம் போகப் போகச் சலங்கையின் கிணுகிணு. நடுவில் வலதுபக்கமாக நாலாயிரம் என்று அதிர்வெண் குறித்த இடத்தில்தான் பேச்சின் விளிம்புகள் வசிக்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் கூர்மை அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியும் கூரையும் அந்தக் கூர்மையை விழுங்கிவிடுகின்றன என்று முந்தின நாள் அங்கே ஒரு மேடு வைத்திருந்தாள். நல்ல உயரமான மேடு. இப்போது கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

சேமிக்க மறந்துவிட்டோமோ? இருக்கும். மறுபடி மேட்டைத் தூக்கினாள். நடந்து கேட்டாள். சொற்கள் ஒவ்வொன்றும் புதுக் காசு போலக் கிண்ணென்று விழுந்தன. திருப்தியாகச் சேமித்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்தால் மறுபடியும் தரை.

இந்த முறை மறதி இல்லை. சேமித்ததை அவளே இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். மற்றக் கட்டங்கள் எதையும் யாரும் தொடவில்லை. காக்க வைக்கும் நேரங்கள், ஸ்பீக்கர்களின் அளவு எல்லாம் அவள் வைத்தபடியே இருந்தன. தேடிப் பிடித்து அந்த ஒரு மேட்டை மட்டும் மழித்திருக்கிறார்கள். அந்த மென்பொருளுக்கான கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் மாப்பிள்ளை. ‘ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா வேலை நிக்கக் கூடாதில்ல’ என்று முதலாளியே போட்ட ஏற்பாடு.

சந்தேகம் என்பது வீட்டுக்குள் புகுந்த எலி மாதிரி. ஒன்று தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த மூலையில் சரசரத்தாலும் அதுதான் என்று தோன்றும். அவள் பின்னறைக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை சட்டென்று லேப்டாப்பை மூடினான். “சாப்பிட்டீங்களாக்கா?” என்றான். இத்தனை நாளில் அவன் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. உள்ளே வைத்துப் பூட்டியிருந்த அளக்கும் மைக், கடைசி வரிசைக்குப் பக்கத்தில் முக்காலியில் நின்றது. யார் எடுத்தது என்று கேட்டதற்கு ஏணி அண்ணன் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாகூட அவள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தாள். பதிவுப் பேச்சை ஓடவிட்டால் போதும், அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலைத்துணியைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொள்வாள். குளிரே இல்லாத நாளில் எதற்கு? மாப்பிள்ளை அந்த அம்மாவோடு நின்று மெதுவாகப் பேசுவதையும் ஒருநாள் பார்த்தாள். கிட்டே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

“என்ன, ரகசியமா?” என்றாள், சிரிப்பது போல.

“ஐயோ, ஒண்ணுமில்லக்கா. தரை காஞ்சிடுச்சான்னு கேட்டேன்.”

தரை காய்ந்துதான் இருந்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு.

அவளுக்குக் கணக்கு தெளிவாகிவிட்டது. மேடு போனால் சொல் மழுங்கும். சொல் மழுங்கினால் சோதனையில் தோற்போம். தோற்றால் நாற்காலி யாருக்கு? அன்று வீட்டில் தட்டைத் தட்டென்று வைத்தாள். மகள் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, “யாரும்மா இன்னைக்கு மாட்டினது?” என்றாள்.

“வாயை மூடிட்டுப் படி.”

“சரி, நான்தான் மாட்டினது” என்று மகள் புத்தகத்துக்குள் போய்விட்டாள்.

கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். ஆனால் அது வெளிப்படையாகப் பழி போடுவது. முதலாளி ஆதாரம் கேட்பார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். சோதனைக்கு முந்தின நாள், மேட்டைத் தூக்கி வைத்துவிட்டு, “பல் டாக்டரைப் பாக்கணும், இனி நாளைக்குத்தான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை வரை போய், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்படிக்கட்டு வழியாக மேல்மாடத்துக்கு ஏறினாள். அங்கே விளக்குப் போடவில்லை. கடைசி இருக்கையில், தூண் மறைவில் உட்கார்ந்தாள். நடுப்பகலிலும் அந்த மூலை மங்கலாக இருந்தது.

உட்கார்ந்த பிறகு வெட்கமாக இருந்தது. சீக்கிரமே நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பி நிற்கப் போகிற இடம் இது. இன்றைக்கே ஒருத்தி இங்கே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாள். ‘நான் தப்பு செய்யலை, தப்பைப் பிடிக்க வந்திருக்கேன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மனது அதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

கீழே மாப்பிள்ளை லேப்டாப்போடு வந்து நடுவரிசையில் உட்கார்ந்தான். பெருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு மேல்மாடத்துக்கு நேர் கீழே கடைசி வரிசையில் உட்கார வைத்தான். ஏணி அண்ணனை மேடைக்கு அனுப்பினான்.

“என்ன சார் படிக்கட்டும்?”

“எதையாவது படிங்கண்ணே.”

ஏணி அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையின்மேல் ஒட்டியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். ஏதோ புனித நூலை வாசிப்பது போலக் குரலை இழுத்து, “முதலில் ஊசியை இழுக்கவும். குழாயை நெருப்பின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடிக்கவும்…”

மேல்மாடத்துச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒவ்வொரு சொல்லும் அவள் காதருகே வந்து தெளிவாக நின்றது. எவ்வளவு சுத்தமான பேச்சு! கெடுக்க எப்படி மனம் வருகிறது? கீழே பெருக்கும் அம்மா தலைத்துணியை இழுத்துக் காதை மூடினாள்.

மாப்பிள்ளையின் கை லேப்டாப்பில் அசைந்தது.

அந்த நொடியே அவளுக்குக் குரல் மாறிப்போனது. கம்பளியில் சுற்றி வைத்தது போல. சத்தம் இருக்கிறது, சொல்லின் முனைகள் இல்லை. ஊசி எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று அவள் ஊகிக்க வேண்டியிருந்தது. ‘இதோ, பாரு. என் கண் முன்னாலேயே.’ எழுந்து கத்திவிட இருக்கையின் கைப்பிடியைப் பற்றினாள்.

அதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. பெருக்கும் அம்மா தலைத்துணியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

“இப்பதாம்ப்பா நல்லாயிருக்கு. சொல்லு ஒண்ணுவிடாம கேக்குது. காதுல ஊசி குத்துறதும் நின்னு போச்சு.”

“எனக்கும்தான் சார்” என்றார் ஏணி அண்ணன் மைக்கில். “இவ்ளோ நேரம் என் குரலே என்னை அதட்டுற மாதிரி இருந்துச்சு.”

அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பிடியைப் பற்றிய கை அப்படியே இருந்தது. அந்த அம்மாவுக்குக் கேட்கிறது. ஏணி அண்ணனுக்குக் கேட்கிறது. அப்படியானால் கம்பளி எங்கே இருக்கிறது?

மாப்பிள்ளை மேடைக்கு ஏறிப் போனான். மைக் திறந்திருப்பது இருவருக்கும் நினைவில்லை. அவர்கள் பேசியது மேல்மாடம் வரை வந்தது. சில சொற்கள் அவளுக்கு நழுவின. நழுவாதவையே போதுமாக இருந்தன.

“சார், ஒண்ணு கேக்கட்டா? டிசைனரம்மா ஏத்துறாங்க, நீங்க இறக்குறீங்க. இதென்ன கோட்டையா, ஆளுக்கொரு கொடி ஏத்தி இறக்க? நேரா சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படிண்ணே சொல்றது? அக்கா, உங்களுக்குக் காது குறையுதுன்னா? காதை நம்பிப் பொழைக்கிறவங்ககிட்டயா?”



“நெசமாவா சார்?”

“எங்கப்பாவுக்கும் இதேதான். மில்லுல ஆயுசு பூரா வேலை. சரியா அந்த நாலாயிரத்துலதான் பள்ளம் விழுந்துச்சு. டிவியை ஏத்திக்கிட்டே போவாரு. ஒரு நாள் சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போது, ‘செவிடாப்பா நீங்க’ன்னு கேட்டுட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன். அன்னையிலேர்ந்து மனுஷன் நாலு பேர் நடுவுல வாயே திறக்கிறதில்ல.” குரல் தாழ்ந்தது. “மாமாவுக்குத் தெரிஞ்சா அக்காவை மூலையில உக்கார வச்சிருவாரு. சோதனை முடியட்டும். அவங்க டிசைன்ல ஒரு குறை கிடையாதுண்ணே. இந்தக் கூரைக்குக் கீழ இப்படி ஸ்பீக்கர் வைக்க எனக்கு வராது. கடைசியில போடுற உப்பு மட்டும்தான் தூக்கல். அதை எடுத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்.”

“போட்ட உப்பை எடுக்கிற ஒரே சமையல் உங்களோடதுதான் சார்.” ஏணி அண்ணன் செருமினார். “நாற்காலி பத்தி நான் ஒரு பேச்சு பேசியிருந்தேன். அதை நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

“எந்த நாற்காலிண்ணே?”

“ஒண்ணுமில்ல சார். ஊசியை இழுத்து, குழாயைப் பிடிச்சு… மறுபடி படிக்கட்டுமா?”

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். பிடிக்க வந்தவள் பிடிபட்டுப் போனாள். ஒருவன் தனக்குக் குழி வெட்டுகிறான் என்று இத்தனை நாளும் அவள் காவல் காத்தது, தான் விழப்போன குழியை அவன் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்த இடத்தை.

வீட்டுக்கு வந்ததும் கூடையில் கிடந்த துணிகளை மிஷினில் போட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். மிஷின் சுழன்று, தணிந்து, நின்றது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப சத்தம் போடுதா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமா. உனக்குக் கேக்கலையா?”

மிஷின்மேல் காதை வைத்தாள். சுவருக்கு அப்பால் யாரோ பறவையைக் கூப்பிடுவது போல, மிகத் தொலைவில் ஏதோ இருந்தது. இருந்ததா என்றுகூட நிச்சயமில்லை.

“இத்தனை நாளா துணி எடுத்துக் காயப்போடுறது யாரு?”

“நான்தான்மா. அது கூப்பிட்டதும் போய் எடுத்துடுவேன். நீ வேலை பார்த்துட்டிருப்ப இல்ல” என்றாள் மகள், பெரிய விஷயமில்லாதது போல. அம்மா அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். “விடும்மா, வேர்வை” என்று மகள் நெளிந்தாள்.

பல் டாக்டர் இருந்த அதே தெருவில் காது டாக்டரும் இருந்தார். பொய்யாகச் சொன்ன வேலையை மாலையில் வேறு விதமாகச் செய்து முடித்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் ஒரு படத்தைக் கொடுத்து விளக்க ஆரம்பித்தார் டாக்டர். விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவள் கூடங்களுக்கு வரைந்த அதே வளைகோடு. சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு நாலாயிரத்தில் பொத்தென்று பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறியது. அவள் கூடத்தில் வைத்த மேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும். தன் காதில் குறைந்ததை எல்லோர் காதிலும் கொட்டியிருக்கிறாள். அந்தக் கல்லூரி அரங்கும் இப்படித்தான்.

மறுநாள் காலையில் பெட்டிமேல் கை வைத்துக் கண்ணை மூடியபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். கோடு தரையோடு இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மாப்பிள்ளை வந்ததும் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

“தம்பி, இனிமே கடைசி டியூனிங்ல நீங்க என் பக்கத்துல இருக்கணும். எனக்கு மேல்ஸ்தாயி சத்தம் சரியா கேக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட காட்டினேன்.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “அப்படியாக்கா? நான் கவனிக்கலையே” என்று தன் ஷூவைப் பார்த்துச் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொன்ன பொய். அதைவிட மரியாதையான ஒரு பொய்யை அவள் கேட்டதில்லை. கலைக்காமல் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அவளும் மூச்சுவிடவில்லை.

சோதனை அதிகாரி அளந்தார், மூலைக்கு மூலை உட்கார்ந்து கேட்டார், “இந்தக் கூரைக்கு இவ்வளவு தெளிவு எதிர்பார்க்கலை” என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே முதலாளியிடமும் அவள் தன் காதைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நானும் கண்ணாடி போட்டுக்கிட்டுதான் செக்குல கையெழுத்துப் போடுறேன். யாராவது வேண்டாங்கிறானா? நீங்க வரைங்க, மாப்பிள்ளை கேக்கட்டும். காதுக்கு ஏதோ மிஷின் இருக்காமே, அதை வாங்குங்க முதல்ல.” பிறகு ஏணி அண்ணனோடு நின்றிருந்த மருமகன் பக்கம் திரும்பினார். “நாளைக்குத் திறப்பு விழாவுல பொத்தானை நீங்கதான் அழுத்தணும். உங்க அப்பா அம்மாவையும் கூப்பிட்டிருக்கேன், முன்வரிசைல. சம்பந்தி பாக்கட்டும், படிக்க வச்ச படிப்பு பேசுதா, இல்ல என்னை மாதிரி இருமுதான்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான், பாதி.

ஒரு பொத்தானை அழுத்தினால் ஒலியமைப்பு மொத்தமும் ஒழுங்காக விழித்து எழும் ஏற்பாடு அவன் பொறுப்பு. இந்த அலுவலகத்தில் அவன் தனியாகச் செய்த முதல் வேலை அது. அன்று மதியம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். “நீங்க போங்க, வர்றேன்” என்று அவள் பின்னறையில் தங்கினாள். காரணம் ஒன்றுமில்லை. எந்தக் கூடத்தை விட்டு வரும்போதும் பெட்டியை ஒருமுறை முழுக்க அணைத்து, மறுபடி போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். தூங்கி எழுந்த பிள்ளைக்குத் தன் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பது போல.

அணைத்தாள். போட்டாள். சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அடுத்த நொடி கூடம் முழுவதும் ஊளையிட்டது. இந்தச் சத்தத்துக்கு அவள் காதில் குறையே இல்லை. பதறிப்போய்ச் சத்தத்தை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

அவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் சேமித்திருந்தான். ஆனால் மின்சாரம் வந்ததும் எந்த அமைப்போடு விழிக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் ஒரே ஒரு வரி மட்டும் பழையபடியே இருந்தது. முதல் நாள் வயர் சரிபார்க்கப் போட்ட வெள்ளோட்ட அமைப்பு. எல்லா மைக்கும் திறந்து, எந்தக் கட்டமும் வேலை செய்யாமல். ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது, அணைத்துப் போட்டால்தான் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறை செய்கிற தவறு. நாளைக்கு அவன் பொத்தானை அழுத்தியிருப்பான். முன்வரிசையில், நாலு பேர் நடுவில் வாய் திறக்காத அந்த அப்பா உட்கார்ந்திருப்பார்.

கூப்பிட்டுச் சொல்லலாம். அவன் வந்து, தலையைச் சொறிந்து, நன்றி சொல்லித் திருத்துவான். ஏணி அண்ணன் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டுவார். அது முதலாளி காதுக்கும் போய்ச் சேரும். யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். ஆனால் அவன் அவளுக்குச் செய்தது அப்படியல்ல.

அந்த வரியை மாற்றினாள். சேமித்தாள். பெட்டியை மறுபடி அணைத்துப் போட்டாள். விளக்குகள் எரிந்தன, கூடம் அமைதியாக விழித்தது. மேடைக்குப் போய், காலியாக இருந்த முன்வரிசையைப் பார்த்து மைக்கில் மெதுவாக, “அப்பா, கேக்குதா?” என்றாள். அவளுக்குக் கொஞ்சம் மழுங்கலாகத்தான் கேட்டது. மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

லேப்டாப்பை முன்பு இருந்த இடத்தில், முன்பு இருந்த சாய்வில் வைத்தாள். பெட்டிமேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்தாள். விளக்கை அணைத்து, பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.